புதுப் பல்

மாத்திரைக் குப்பிக்குள்
எட்டுக் கால் முளைத்த மிளகு ஒன்று.
ஒஸ்த்ராவா கண்காட்சியின் கடைசி மேசையில்
எண்பது கொருனாவுக்கு வாங்கினேன்.
விற்ற ஸ்திபோருக்கு இருபது வயதுகூட இராது.
"வாரம் ஒரு தீனி, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்.
மற்ற நாட்களில் ஒன்றும் செய்யாதீர்கள்" என்றான்.
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னான்:
"அந்தக் கடைசி விஷயம்தான் யாருக்கும் வருவதில்லை."

டிராமில் கோட்டின் உள்பையில் வைத்துக் கொண்டுவந்தேன்.
உருக்காலை நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது.
எல்லா முழங்கைகளுக்கும்
நான் ஒரு நெஞ்சுவலிக்காரி.

தேங்காய் நார்த்தூள் செங்கல் வடிவில் வருகிறது.
வெந்நீர் ஊற்றினால்
பொம்மென்று பொங்குகிறது, விடிந்தும் அடங்கவில்லை.
உறையில் ஒரு தென்னையின் படம்.
நான் தென்னையை நேரில் பார்த்ததில்லை,
அதுவும் பார்த்ததில்லை.
இருவருக்கும் தெரியாத மண்ணில்
அது உடனே ஒரு குழி தோண்டிக்கொண்டது.

"பூனை வளர்த்தால் என்ன?" என்றாள் லிபுஷெ,
மெழுகு உருக்கிக்கொண்டே.
நாங்கள் இருவரும் பொய்ப்பல் செய்கிறவர்கள்.
ஒரு மேசை, ஒரு சன்னல், இருபத்தாறு வருடம்.
ஊரில் பாதிப் பேர் எங்கள் பல்லால் மெல்லுகிறார்கள்.
பதில் சொல்லத் தெரியாமல்
ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்தேன்.

செத்த வெட்டுக்கிளியின் ஒரு தொடை,
வேலையிடத்து இடுக்கியால்.
முதல் வாரம் இழுத்துப்போனது.
இரண்டாம் வாரம் மோந்துவிட்டு விட்டது.
மூன்றாம் வாரம் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள்
கரண்டியை எடுத்தேன்.

உயிரோடுதான் இருந்தது.
உயிரோடு, ஏழு காலோடு.
எட்டாவது கரண்டியில் கிடந்தது,
ஒரு இமைமுடி நீளம்,
இரண்டு முறை மடங்கி நீண்டது.

யாரிடமும் சொல்லவில்லை.
ஸ்திபோரிடம் கேட்டபோதும்
"ஒரு சிநேகிதி அப்படிச் செய்துவிட்டாளாம்" என்றேன்.
"அந்தச் சிநேகிதி" என்றான்,
"கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும்."

உட்கார்ந்தேன்.
ஈஸ்டர் போனது. வெப்பக் குழாய்களை நிறுத்தினார்கள்.
குப்பிக்குக் கம்பளிக் காலுறை மாட்டினேன்.
ஓரத்தில் சொட்டு. அடுத்த ஓரத்தில் சொட்டு.
அடைத்த வாசல் அடைத்தபடி.

மே மாதத்தில் ஒரு இரவு
கண்ணாடியோரம் அது மல்லாந்து கிடந்தது.
கை இடுக்கிக்குப் போனது.
கையைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
செத்தால் கால்களை உள்ளே மடக்கிக்கொள்ளுமாம்.
இது விரித்திருந்தது, வெயில் காய்கிறவள் போல.
விளக்கை அணைத்தேன். தூங்கினேன் என்று சொல்லமாட்டேன்.

காலையில் இரண்டு இருந்தன.
ஒன்று வெறும் சட்டை.

வேலையிடத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்:
முதுகு மூடி கழன்று,
ஏழு காலுக்கும் ஏழு உறை,
முன்னால், கறுப்பாய், வளைந்து
இரண்டு பல்.
பல்லையுமா கழற்றி வைத்தாய்?
லிபுஷெ ஓடி வந்தாள்.
நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று
அவளுக்குப் பிடிபடவில்லை.

குப்பிக்குள் புதிய மிளகு, கொஞ்சம் பெரிது.
எட்டுக் கால். எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
ஒன்று மட்டும் நூலாக, வெளிறி,
மற்றவற்றுக்குப் பின்னால் வருகிறது.
வாயில் இரண்டு வெள்ளைப் பல்,
எங்கள் நிற அட்டையில்
எந்த எண்ணிலும் இல்லாத வெள்ளை.

கறுக்கும்வரை கடிக்க முடியாது,
தீனி கூடாது.
திருமதி ஸ்லாவிகோவாவின் மேல்வரிசை காத்திருக்கிறது,
நாளைக்குக் கேட்டார்கள்.
ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன்.
கைகளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.